தலைப்பலகை

5

"ரோட்டுப் பக்கத்துலேர்ந்து மூணாவது பலகை. நடுவுல கால் வெச்சிராதீங்க தம்பி, வழுக்கும். ஓரமாவே போங்க."

காரை விட்டு இறங்கும்போது அக்கா சொல்லி அனுப்பிய புத்திமதி அது. மூன்றாவது பலகை வந்ததும் வானொலி அதை நினைத்துக்கொண்டு ஓரமாக நண்டு மாதிரி நகர்ந்தான். பலகைக்கு நேர் மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து நின்று சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஓடை செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. மேற்கே எங்கேயோ மழை கொட்டித் தீர்த்திருக்க வேண்டும். உச்சி வேளையில் வானம் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், நான் விழுந்துட்டா நாளைலேர்ந்து ஆபீஸ்ல டீ யாரு போடுவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"உயிரோட இருக்கும்போது மட்டும் நீயா போடற? வால்யூமைக் குறைச்சுட்டு நட."

அவனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தூங்கும்போது மட்டும்தான் நிலையம் மூடும் என்பதால் வானொலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேடம் அவனுக்கு நேர் எதிர். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து, ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற ஆள்.

நேற்று சாயங்காலம் அந்த ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து அழுதவர்தான் அக்கா. தம்பி குக்கர் விற்கிற சேல்ஸ்மேனாம். அக்காவும் தம்பியும் கால்வைத்தே அறியாத, பேர்கூடத் தெரியாத ஏதோ ஓடைக்கரைக் குடியிருப்புக்கு வியாபாரத்துக்குப் போனவன் திரும்பவில்லையாம். "அம்மா போனதுலேர்ந்து நான்தான் மேடம் தூக்கி வளர்த்தேன். சாப்பிட்டானோ இல்லையோ," என்று அவர் விம்மியபோது வானொலியே தன் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டான்.

இப்போது அக்கா ரோட்டுப் பக்கம், வளைவில், காருக்குள் இருக்கிறார். தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றுமாம். கூட ஒரு டிரைவர். கழுத்தும் தலையும் ஒரே அகலம். மடியில் ஒரு தோல் பையை வைத்து வழி நெடுக அதைத் தடவிக்கொண்டே வந்தான். ஓடைக்கு ஊர்ப் பக்கம் செல்போன் எடுக்காது என்பதால் அக்காவே ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். தம்பி உயிரோடு இருப்பது தெரிந்தால் கரையில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்ட வேண்டும். உடனே ஓடி வந்துவிடுவார். துண்டு வானொலியின் தோளில் கிடந்தது.

பாலம் என்று அதைச் சொல்வது பாலங்களுக்கு அவமானம். ஓடைக்குள் நட்ட கல்தூண்கள். தூணுக்குத் தூண் ஒரு பலகை, மொத்தம் ஒன்பது. ஒன்று பழைய கதவு, கீல்கூடக் கழற்றவில்லை. ஒன்று பள்ளிக்கூட பெஞ்சு. ஒன்று பச்சை பெயின்ட் அடித்தது. ஊர்ப் பக்கம் கடைசியாகக் கிடந்தது மட்டும் கறுத்து, தடித்து, இரண்டு ஆள் கனம் இருக்கும்போல இருந்தது. அதன் பக்கத்தில், கரை மேல், ஒரு பனங்கட்டையை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேடம் குனிந்து குடை நுனியால் கட்டையின் அடியைக் கிளறிப் பார்த்தார்.

"அடியில புல்லு பச்சையா இருக்கு."

"பின்ன ரோஸாவா இருக்கும்?"

"ரொம்ப நாளா கட்டைக்கு அடியில கிடந்தா மஞ்சளாயிருக்கும்."

"அதனால?"

"அதனால இப்போதைக்கு ஒண்ணுமில்ல," என்று எழுந்து நடந்தார் மேடம்.

ஒரே தெரு, ஒன்பது வீடு. பின்னால் பாறையும் முள்ளுக்காடும். மின்கம்பம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவர்கள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டே வந்தன. படாரென்று ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார்கள். 

தெரு முனையில் ஒருவர் வழிமறிப்பது போல நின்றார். ரிட்டையர் ஆன பள்ளிக்கூட வாத்தியார். தலைவர் பதவி இல்லாத ஊருக்கு அவர்தான் தலைவர் மாதிரி.

மேடம் போட்டோவை நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை.

"செவ்வாய்க்கிழமை வந்தாரு. குக்கர் வேணுமான்னு கேட்டாரு. வேணாம்னோம். சாயங்காலம் பலகை எடுக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. நீலச் சட்டை. கையாட்டிட்டுப் போனாரு."

"போட்டோவைப் பார்க்காமலே சொல்றீங்களே சார்?" என்றான் வானொலி.

"இங்க வெளியாளே வர மாட்டாங்க. வந்தா மறக்காது." அவர் குரல் தணிந்தது. "நீங்க எந்த ஸ்டேஷன்?"

"எந்த ஸ்டேஷனும் இல்ல. தனியார்."

"அதானே பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனைக் கேட்டா எங்க எல்லை இல்லைம்பான். பாறைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனைக் கேட்டா எங்க எல்லை இல்லைம்பான். எந்த ஊரும் எங்களைச் சேர்த்துக்கல. நாங்களும் கெஞ்சிப் பார்த்துட்டு விட்டுட்டோம்."

வானொலிக்கு நாக்கில் சனி. "இங்க ஒரு கொலை விழுந்தா எங்க சார் எழுதுவாங்க?"

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கயும் எழுத மாட்டாங்க," என்றார்.

அதன்பிறகு வானொலி ஐந்தாறு அடி மேடத்தை உரசிக்கொண்டே நடந்தான்.

ஆட்டுப் பட்டிக்காரரிடம் கேட்டார்கள். "சாயங்காலம் பலகை எடுக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. நீலச் சட்டை. கையாட்டிட்டுப் போனாரு." கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்த அம்மாவிடம் கேட்டார்கள். அதே நீலச் சட்டை, அதே கையாட்டல்.

"கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறாங்க மேடம். நல்லவேளை, கோரஸா பாடல."

"பாட வெச்ச வாத்தியார் ஒருத்தர் இருக்காருல்ல," என்றார் மேடம். "நான் கடைசி வீட்டைப் பார்த்துட்டு வரேன். நீ மாவு மில்லுல போய்ப் பேச்சுக் கொடு. உனக்கு அதாவது வரும்."

மில் என்றால் ஒரு கூரை, ஒரு டீசல் இன்ஜின், ஒரு பெல்ட். புருவம் வரைக்கும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார் மில்காரர். நேராகக் கேட்டால் நீலச் சட்டைதான் வரும் என்று தெரிந்ததால், வானொலி சுற்றி வளைத்துப் பாலத்தில் ஆரம்பித்தான்.

"அந்த மூணாவது பலகையில பாசியைச் சுரண்டி விடக் கூடாதா அண்ணே? என் உயிரு போய்ட்டு வந்துச்சு."

"அது தையல்காரம்மா பலகை. நான் எப்படித் தொடறது?"

"ஏன், அவங்க கோவிச்சுக்குவாங்களா?"

"கோவமா? வீட்டுக்கு ஒரு பலகை தம்பி. அந்த வீட்ல பொறந்தவங்க, வாழ வந்தவங்கதான் தொடலாம். விருந்தாளி, ராத்தங்க வந்தவன்கூடத் தொடக் கூடாது. காலைல அவங்கவங்க போடணும், சாயங்காலம் அவங்கவங்க எடுக்கணும். ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு எவ்வளவு கடுப்பு இருந்தாலும், காலைல பலகை போட்டாத்தான் யாருமே கடைக்குப் போக முடியும். எங்க ஊருக்கு வேற சட்டம் கிடையாது."

"யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா?"

"போன வருஷம் தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல். எந்திரிக்கவே முடியல. மூணு நாளு ஊரே இந்தப் பக்கம் கிடந்தோம்."

"அட, நீங்களே தூக்கிப் போட்டிருக்கலாமே!"

வீடு புகுந்து திருடச் சொன்னது போல அவர் வானொலியைப் பார்த்தார். வானொலி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சரி, தப்புதான். அந்தக் கடைசி வீடு பூட்டிக் கிடக்கே? அவங்க பலகையை யாரு போடறது?"

"அதுதான் தலைப்பலகை. முதல்ல குடி வந்த வீடு, அதனால கரையோரப் பலகை அவங்களுது. அவங்க போனதுலேர்ந்து அது வீட்டுச் சுவத்துல சாஞ்சே கிடக்கு. அந்த இடத்துல நாங்க பனங்கட்டையைப் போட்டு ஒப்பேத்திக்..."

பாதியில் நின்றது பேச்சு. மில்காரர் சட்டென்று எழுந்து இன்ஜினைச் சுற்ற ஆரம்பித்தார். அரைக்க ஒரு படி தானியம் கிடையாது. வெறும் மில் தடதடவென்று ஓடியது. இனிமேல் காது கேட்காது என்று அர்த்தம்.

அடுத்தது தையல்காரம்மா வீடு. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பாவாடைத் துணியை வெட்டிக்கொண்டே நீலச் சட்டையை ஒப்பித்து முடித்தார். வானொலிக்குச் சும்மா போக மனம் வரவில்லை.

"உங்க பலகை ரொம்பப் பேர் வாங்கிருச்சும்மா. ஊருக்கு வரதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, ரோட்டுப் பக்கத்துலேர்ந்து மூணாவது வழுக்கும், ஓரமாப் போன்னு."

கத்தரிக்கோல் நின்றது.

"யாரு சொன்னாங்க?"

"கூட வந்த அக்கா. அந்த சேல்ஸ்மேனோட அக்கா. கார்ல இருக்காங்க."

அந்த அம்மாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தார்.  கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல், கடைசி வீட்டுப் பக்கமாக ஓடினார்.

"அப்படி என்னம்மா சொல்லிட்டேன்?" என்று வானொலி வெறும் தையல் மிஷினைக் கேட்டான்.

மேடம் அவனைப் பாலத்தடியில் கூப்பிட்டு உட்கார வைத்தார். இருவரும் அந்தக் கறுத்த பலகைக்குப் பக்கத்தில், பனங்கட்டையின் மேல் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தபோது இருந்ததைவிட ஏறியிருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் பலகையை நக்கும்.

"கடைசி வீட்ல பூட்டு தொங்குது," என்றார் மேடம். "துருப்பிடிச்ச பூட்டு, சாவித் துவாரத்துல சிலந்தி வலை. ஆள் புழங்கின தடமே இல்ல. நீ சொல்லு."

வானொலி மில்காரர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான். தையல்காரம்மா விஷயத்துக்கு வருவதற்கு முன்பே மேடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் கண் பளபளத்தது. மூக்கின் மேல் வியர்வை துளிர்த்திருந்தது. வானொலிக்கு அந்த வியர்வை தெரியும். அது வந்தால் கேஸ் முடிந்தது.

"வீடு பூட்டிக் கிடந்தா அந்த இடத்துல என்ன கிடக்கணும்?"

"பனங்கட்டை."

"பனங்கட்டை எங்க?"

"நம்ம ரெண்டு பேருக்கும் கீழ."

"அப்ப இன்னிக்குக் காலைல இந்தத் தலைப்பலகையைப் போட்டது யாரு? எட்டு வீட்டுக்காரங்களும் தொட மாட்டாங்க. ஊரே மூணு நாள் பட்டினி கிடந்தாலும் தொட மாட்டாங்க."

வானொலி வாயைப் பிளந்தான். "பூட்டின வீட்ல ஆள் இருக்கு! முன்னாடி பூட்டு, பின்னாடி வழி! மேடம், அவன் உயிரோட இருக்கான்!"

"இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்திருக்கான். ஆனா இதுல ஒண்ணு இடிக்குது. குக்கர் விக்க வந்தவன் இந்த ஊருக்கு விருந்தாளி. விருந்தாளி பலகையைத் தொடவே கூடாதுன்னா..."

மேடம் எப்போதும் போல அரை வார்த்தையில் நிறுத்தி யோசித்தார். மீதி அரை வார்த்தைக்குக் காத்திருக்கிற பழக்கம் வானொலிக்கு என்றைக்கு இருந்தது? அழுத அக்காவின் முகம் அவன் கண்ணுக்குள் வந்தது. துள்ளி எழுந்தான், தோளிலிருந்த துண்டை உருவினான், கரை விளிம்பில் நின்று தலைக்கு மேல் சுழற்றிச் சுழற்றி ஆட்டினான்.

"டேய்! இறக்கு!"

மேடம் கத்தி அவன் கேட்டதே இல்லை. துண்டு கையிலேயே நின்றது. ஆனால் வளைவில் காரின் இரண்டு கதவும் அதற்குள் திறந்துவிட்டன.

"பாவம் மேடம் அவங்க," என்றான் வானொலி, தடுமாறிக்கொண்டே. "நல்ல மனசு. என்னையே எவ்வளவு அக்கறையா அனுப்பினாங்க, மூணாவது பலகை வழுக்கும் ஓரமாப் போங்கன்னு..."

"என்ன சொன்னாங்க?"

"அதான், மூணாவது..."

"எப்ப?"

"நீங்க குடை எடுக்க டிக்கிப் பக்கம் போனீங்கல்ல, அப்ப."

மேடம் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "பாசி பலகைக்கு மேல் பக்கம் இருக்கு. கார்லேர்ந்து பார்த்தா பாசி தெரியாது. இந்த ஊர்ல கால் வெச்சதே இல்லைன்னு நேத்து அழுதாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும் வானொலி, எந்தப் பலகை வழுக்கும்னு?"

 ஓடையின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"இங்க நடந்து பழகினவங்க," என்றான் மெதுவாக.

"இங்க பொறந்தவங்க. பூட்டின வீட்டுப் பொண்ணு. அவன் அந்த வீட்டுப் பையன். அதனாலதான் பலகையைத் தொட்டிருக்கான். தம்பி சொந்த வீட்ல ஒளிஞ்சிருக்கான், யாருகிட்டேர்ந்துன்னு இப்பத் தெரியுதா? அவங்க நேர்ல வந்தா ஊரு பலகையை எடுத்துடும். அதனால நம்மளை மோப்பம் பிடிக்க விட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க."

"மோப்ப நாய்க்காவது பிஸ்கட் போடுவாங்க மேடம்," என்று வானொலியின் வாய் பழக்கத்தில் சொன்னது. குரல் மட்டும் அழுதது.

தண்ணீரைக் கண்டால் தலை சுற்றுகிற அக்கா பாலத்தில் ஏறிவிட்டார். கீழே பார்க்கவே இல்லை. சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பது போல விறுவிறுவென்று வந்தார். டிரைவரின் மடியில் இருந்த தோல் பை இப்போது அவர் கையில் இருந்தது. மூன்றாவது பலகையில் கால் தானாக ஓரத்துக்குப் போனது. பின்னால் டிரைவர் வந்தான்.

அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நடுவில் கால் வைத்தான்.

பலகை சறுக்கியது, ஆள் சறுக்கினான், இரண்டும் சேர்ந்து தண்ணீருக்குள் போயின. பலகை ஒரு சுழலில் சுற்றிவிட்டு அடித்துக்கொண்டு போய்விட்டது. டிரைவர் மரத்தின் வேரைப் பிடித்து, இருமி, ரோட்டுப் பக்கக் கரையில் தொற்றி ஏறினான். ஓடையை ஒரு தடவை பார்த்தான். அக்காவை ஒரு தடவை பார்த்தான். பிறகு காருக்கு ஓடினான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்கா நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தார்.

கதவுகள் எல்லாம் திறந்து ஊரே கரையில் கூடியிருந்தது. 

"வாத்தியார் சார், இந்தப் பலகையைத் தூக்குங்க!" என்று அலறினான் வானொலி.

வாத்தியார் ஒரு அடி பின்னால் போனார். "அது... அது அந்த வீட்டுப் பலகை."

"அட, உயிரு போற நேரத்துல!" வானொலி தானே குனிந்து பலகையைப் பிடித்தான். மில்காரரின் மாவு படிந்த கை அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. "வேணாம் தம்பி," என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் பிடி தளரவில்லை.

"விடுங்கண்ணே. நான் எடுக்கறேன்."

கூட்டம் விலகியது. தையல்காரம்மாவுக்குப் பின்னாலிருந்து ஓர் இளைஞன் வந்தான். போட்டோவில் இருந்த முகம்தான். ஆனால் தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பாதியாகிக் கிடந்தது. குனிந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தலைப்பலகையின் நுனியைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து இழுத்துக் கரையில் நிறுத்தினான்.

அக்கா எட்டாவது பலகையில் நின்றுவிட்டார். முன்னால் இரண்டு ஆள் நீளத்துக்கு வெறும் தண்ணீர். பின்னால், மூன்றாவது பலகை இருந்த இடத்திலும் வெறும் தண்ணீர். நடு ஓடையில் எந்த ஸ்டேஷன் எல்லையிலும் இல்லாத ஓர் இடத்தில் அவர் தனியாக நின்றார்.

"என்னடா இது? பலகையைப் போடு. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எங்கக்கா கூட்டிட்டுப் போவ? மாமாவைக் கூட்டிட்டுப் போன மாதிரி மொட்டைமாடிக்கா?"

கரையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"என் புருஷன் கால் தவறித்தான் விழுந்தாரு. எல்லாரும் போலீஸ்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்தாச்சு."

"நான் மாடிப்படியில நின்னுட்டு இருந்தேன்கா," என்றான் தம்பி. "மறுநாள் உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லத் தோணல. நாலாம் நாளு என் பைக்ல பிரேக் இல்ல. அப்பக்கூட ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கால் வரல. சோறு ஊட்டின கையை எப்படிக் காட்டிக் கொடுக்கறது?"

தண்ணீர் இப்போது பலகையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் செருப்பு நனைந்தது. அவர் பையைத் திறக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"போடுடா பலகையை. தண்ணி ஏறுது."

தம்பி அசையவில்லை.

"டேய். அது நம்மப்பா இழைச்ச பலகை. எனக்கும் பாதி இருக்குடா."

அப்போதுதான் அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. வானொலி மேடத்தைப் பார்த்தான். மேடம் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு நிமிடம் இவன் சும்மா நின்றால் போதும், தண்ணீரே எல்லாவற்றையும் முடித்துவிடும். எங்கேயும் எழுத மாட்டார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"பாதி இருக்குக்கா. இல்லைங்கல," என்றான் தம்பி. "உன் பாதிக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். பையைத் தண்ணில போடு. அன்னிக்கு மாடியில என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. சொல்லு, போடறேன்."

"வானொலி," என்றார் மேடம், மிக மெதுவாக. "வாயை மூடு. போனைத் திற."

சிக்னல் இல்லாவிட்டால் என்ன, பதிவு ஆகும். அவன் போனை நீட்டிப் பிடித்தான்.  இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் பலகை மேல் ஏறி அக்காவின் கணுக்காலைச் சுற்றியது. அவர் ஊரைப் பார்த்தார். சின்ன வயதில் கவுன் தைத்துக் கொடுத்த தையல்காரம்மாவைப் பார்த்தார். எழுத்தறிவித்த வாத்தியாரைப் பார்த்தார். ஒரு முகமும் திரும்பிக்கொள்ளவில்லை. கடைசியில் கை தானாக விரிந்தது. பை தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மூழ்கியது. உள்ளே இருந்தது கனமான சாமான்தான்.

"காத்து வாங்கப் போறேன்னு மேல போனாரு," என்று ஆரம்பித்தார் அக்கா. சத்தம் ஓடையைத் தாண்டி வர வேண்டும் என்பதற்காகக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கைப்பிடிச் சுவர் மேல சாஞ்சுட்டு நின்னாரு. நான் பின்னாடி போனேன். அவரு திரும்பல. நான் ரெண்டு கையையும்..."

தடாலென்று சத்தம் கேட்டது. தம்பி பலகையைப் போட்டுவிட்டான்.

"இன்னும் சொல்லி முடிக்கலையே மேடம்," என்று கிசுகிசுத்தான் வானொலி.

"போதும். அவனால அதுக்கு மேல கேக்க முடியல," என்றார் மேடம்.

அக்கா தலைப்பலகையில் கால் வைத்தார். தண்ணீர் இழுத்தது. ஒரு தடவை தள்ளாடினார். தம்பி முழங்கால் வரைக்கும் இறங்கிக் கையை நீட்டினான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். மேடம் பக்கத்தில் போய் நின்று அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி போலீஸ்காரப் பிடி. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையால் அவன் தாடியை ஒதுக்கிக் கன்னத்தைத் தடவினார்.

"இளைச்சுப் போயிட்டியேடா," என்றார்.

பதிவை நிறுத்த வேண்டும் என்று வானொலிக்குத் தெரிந்தது. எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்றுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.